அப்பா இரவில் எத்தனை முறை எழுகிறார்?



வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பாவோ தாத்தாவோ இருந்தால் கவனியுங்கள். இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறாரா? போனவர் திரும்பி வர நேரமாகிறதா? கேட்டால், "வயசாச்சு, அப்படித்தான்" என்பார். கத்தி வைத்துவிடுவார்களே என்ற பயம் ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே புரோஸ்டேட் என்றொரு சுரப்பி உண்டு. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே போகிறது. வயது ஏற ஏறச் சுரப்பி பெருத்துக் குழாயை நெரிக்கும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கத்திக்குப் பயந்ததில் அன்று நியாயம் இருந்தது. 1901இல் லண்டன் டாக்டர் ஃபிரேயர் எழுதி வெளியிட்ட முறைப்படி, அடிவயிற்றைக் கிழித்து, சிறுநீர்ப்பையைத் திறந்து, பெருத்த சதையை விரலால் தோண்டி எடுத்தார்கள். 1930களில் சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் சதையைச் சீவும் முறை வளர்ந்தது. வயிற்றில் தழும்பில்லை. ஆனால் உள்ளே கழுவ விட்ட நீர் இரத்தத்தில் கலந்து, உப்புச் சத்து குறைந்து சிலருக்கு ஆபத்தானது. இப்போது உப்பு நீரிலேயே வேலை செய்யும் கருவிகள் வந்து அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. மிகப் பெரிய சுரப்பியைக்கூட லேசரால், வயிற்றைத் திறக்காமல் எடுக்கிறார்கள்.

பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது மாத்திரையைத்தான். குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் சில நாளில் பலன் தரும். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பினாஸ்டிரைடு சுரப்பியையே சுருக்கும். அதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. முதல் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, தலை சுற்றும்.

மூடி வைத்தால்தான் வினை. சிறுநீர் தேங்கித் தேங்கிச் சிறுநீரகம் கெடும். கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் சில, ஒரே இரவில் சிறுநீரை அடைத்துவிடும். அடைத்தால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரத்தம் கலந்து போனாலும் தாமதம் வேண்டாம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். வெட்கப்படாமல் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் அதையும் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பியதும் சில வாரங்களுக்குச் செம்பனைக் குலையைத் தூக்க விடாதீர்கள், அவர் எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும்!