பார்சலோ, இருந்து சாப்பிடவோ?



எங்களுடைய வீடுகளில் விசேஷம் என்றால் வீட்டில் சமைப்பதுதான் வழக்கம். பிறந்தநாள் என்றால் விடிய எழும்பித் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, மத்தியானம் வாழையிலையில் சோறும் பாயாசமும். கடையில் போயிருந்து சாப்பிடுவது கொழும்புக்காரரின் பழக்கம் என்று எங்கள் தாய்மார் சொல்லுவார்கள். இப்போது கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எல்லா இடமும் குளிரூட்டிய சாப்பாட்டுக்கடைகள் வந்துவிட்டன. எங்கள் பெண்களும் வருடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் அங்கே போகிறார்கள்.

இதை ஊதாரித்தனம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர், “கடன் எடுத்துக் கோழி வளர்க்கிறவை கடையில போய்ப் பிரியாணி சாப்பிடுகினம்” என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. ஏன் போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி வரும். பிறகு நிறைகுடம் வைப்பது யார், விளக்கேற்றுவது யார், ஆராத்தி எடுப்பது யார் என்று வரும். கணவனை இழந்தவள் பெற்ற பிள்ளையின் விசேஷத்திலும் குசினிக்குள் நிற்கவேண்டும். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கு இன்னும் கரைச்சல். பொட்டு வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாலும் கதைப்பார்கள், வைக்காமல் வந்தாலும் கதைப்பார்கள். இதையெல்லாம் கடந்து எல்லோரும் பந்தியில் இருந்தால், இருக்கவேண்டிய ஒருவருடைய இடம் கண்ணுக்குள் குத்தும். சாப்பாட்டுக்கடையில் நிறைகுடமும் இல்லை, ஆராத்தியும் இல்லை. காசைக் கொடுத்தால் கதிரையில் இருத்திச் சாப்பாடு தருவார்கள். நீ யாருடைய பெண்சாதி, உன்னுடைய மனிசன் எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்படி நினைத்துத்தான் போகிறோம். ஒரு நாளைக்காவது சட்டி கழுவாமல் எழும்பலாம் என்ற ஆசையும் இருக்கிறது, அதை ஏன் மறைப்பான்.

சென்ற வருடம் என் இளைய மகளுக்கு சாதாரண தரப் பெறுபேறு வந்தது. ஒன்பது பாடமும் சித்தி, அதில் ஆறு ஏ. அவள் 2009 இல் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள், தகப்பனின் முகம் காணாதவள். “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் இருந்து பிரியாணியும் அதற்குப் பிறகு ஐஸ்கிறீமும் சாப்பிடவேண்டும் என்றாள். முட்டை விற்ற காசில் 6,000 ரூபாவை அதற்கென்று எடுத்துவைத்தேன், பஸ் காசு வேறாக. என் தாயார், நான், மகள்மார் இருவர் என்று நாலு பேர் கிளிநொச்சியில் பஸ் ஏறினோம். அம்மா பெட்டிக்குள் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தா. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

வாசலில் நின்ற பெடியன், “பார்சலோ அக்கா?” என்றான்.

“இல்லைத் தம்பி, இருந்து சாப்பிடப்போறம். நாலு பேர்.”

அவன் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?”

கண்ணாடிப் பக்கம் மூன்று மேசை வெறுமையாகக் கிடந்தது. எங்களைக் கொண்டுபோய்க் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருத்தினார்கள். ஒவ்வொருவரும் கையைக் கழுவி உதறும்போது அம்மாவின் சேலையில் தண்ணீர் தெறித்தது. கண்ணாடிப் பக்கத்து மேசையைத் தரலாமோ என்று கேட்டேன். “அது பமிலிக்கு அக்கா” என்றான்.

அம்மம்மா, அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். மூன்று தலைமுறை ஒரு மேசையில் இருந்தது. ஆனாலும் நாங்கள் பமிலி இல்லையாம். கொஞ்ச நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்களை அந்த மேசையில் இருத்தினார்கள். எங்களுக்குப் பிறகு சொன்ன அவர்களுடைய சாப்பாடு முதலில் வந்தது. எங்களுடையது வர முக்கால் மணித்தியாலம் சென்றது. அம்மா நீரிழிவுக் குளிசை போடுகிறவ, நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். கோழி ஆறிப்போய் இருந்தது. அதற்கு முன்னமே, நாங்கள் கேட்காமல், இரண்டு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐஸ்கிறீம் வரவேயில்லை. பில் வந்தது. சின்னத் துண்டில் 7,095 என்று மட்டும் எழுதியிருந்தது.

காசுமேசைக்குப் போய்ப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார். பிரியாணி நாலு 5,000. தண்ணீர் இரண்டு 400. ஐஸ்கிறீம் மூன்று 1,050. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், 645. சாப்பிடாத ஐஸ்கிறீமுக்கும் சேவைக் கட்டணம்! அதைச் சொன்னதும் ஐஸ்கிறீமை வெட்டிவிட்டார். “ஒரு லீற்றர் தண்ணி எப்பிடி இருநூறு ரூபா?” என்றேன். “ஏசிக்குள்ள இருந்து குடிச்சால் அப்பிடித்தான் அக்கா” என்றார். 5,940 கட்டினேன். பிரித்து எழுதிய துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

இவ்வளவு நேரமும் மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். “விடுங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்.” கடைக்காரர் சொன்னதெல்லாவற்றையும் விட அதுதான் எனக்குச் சுட்டது. அவளுடைய நாள் அது. ஆறு ஏ எடுத்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஐஸ்கிறீம் சாப்பிடாமலே பஸ் ஏறினோம்.

அடுத்த வாரம் யாழ் மாவட்டச் செயலகத்தில் வேறு ஒரு அலுவல் இருந்தது. அங்கேதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகமும் இருக்கிறது. துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த அதிகாரசபை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அந்தச் சட்டத்தில் எங்களுக்குத் தேவையானது அதிகம் இல்லை, ஆனால் இருப்பது உறுதியானது. விற்கிற பொருளின் விலையைக் கண்ணுக்குத் தெரியும்படி போடவேண்டும். வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும், அதைக் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. ஏமாற்றும் விதமாக வியாபாரம் செய்யக்கூடாது. முறைப்பாடு என்றால் பொருளை வாங்கி, அல்லது சேவையைப் பெற்று, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தமிழில் எழுதினால் போதும். தொலைபேசியில் சொல்வதற்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உச்ச விலை வர்த்தமானியில் வந்தது. அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா, ஒன்றரை லீற்றர் 130 ரூபா. உச்ச விலைக்கு மேல் விற்றால், 2021 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி தனி ஆளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபா தண்டம், கம்பனிக்குக் குறைந்தது ஐந்து இலட்சம். ஏசிக்குள் குடித்தாலும் வெளியில் குடித்தாலும் அதே தண்ணீர்தான்.

சேவைக் கட்டணம் வேறு கதை. 10 வீதம் என்று பல கடைகள் போடுகின்றன. ஒழுங்கான கடைகளில் உணவுப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இருக்கிறதோ என்று சாப்பாடு சொல்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் எண்ணிக் கொண்டுபோகிற காசுக்குப் பத்தில் ஒரு பங்கு பெரிய வித்தியாசம். சாப்பாடு பழுதாக இருந்தால், குசினி ஊத்தையாக இருந்தால், அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லலாம்.

தண்ணீருக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். மேசையைப் பற்றியும் சொன்னேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு, “அதுக்குப் பிரிவு இல்லையே அம்மா” என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். பெண்கள் தனியாக வந்தார்கள் என்று கை கழுவுகிற இடத்தில் இருத்தியதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை.

எங்கள் மண்ணில் கடைக்குள் இருந்து குடிப்பதும் சாப்பிடுவதும் எல்லோருக்கும் சும்மா கிடைத்தது இல்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரை வெளியில் நிறுத்தி, போத்தலிலும் பேணியிலும் தேத்தண்ணி கொடுத்த காலம் இருந்தது. சாதியைக் காட்டி மறிப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது, 21 ஆம் இலக்கச் சட்டம். சட்டம் வந்தது, கிளாஸ் வரவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதன் பிறகு சங்கானை, சாவகச்சேரி என்று கடைகடையாகப் போராட்டம் நடந்தது, உயிர்களும் போயின. அதற்குப் பிறகுதான் கடைகளுக்குள் எல்லோருக்கும் ஒரே வாங்கு, ஒரே கிளாஸ் என்று மெல்ல மெல்ல வந்தது.

அவர்கள் பட்டதையும் எங்களுக்கு நடந்ததையும் ஒரு தராசில் வைக்கமாட்டேன். அது பெரிய அநியாயம், எங்களுடையது ஒரு மத்தியானத்து மனவருத்தம். ஆனால் வாசலில் நின்று ஆளை மேலும் கீழும் பார்த்து, இவரை எங்கே இருத்துவது என்று நிறுக்கிற அந்தக் கண் பழைய கண்தான். இப்போது சேலையைப் பார்க்கிறது, செருப்பைப் பார்க்கிறது, பின்னால் ஆம்பிளை வருகிறானா என்று பார்க்கிறது.

அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் வெளியே வரும்போது கதவடியில் நின்று, “அன்ரி, மனதில வைக்காதேங்கோ, முதலாளி சொல்லுறபடிதான் நாங்கள் செய்யிறது” என்று மெதுவாகச் சொன்னான். ஊர் எதுவென்று கேட்டேன், முள்ளிவாய்க்கால் பக்கம் என்றான். காலை பத்து மணிக்கு வந்தால் இரவு பத்துக்குத்தான் போவானாம். எந்த மேசை யாருக்கு, எந்தப் போத்தலை எப்போது திறப்பது என்பதெல்லாம் காசுமேசையில் இருந்து வருகிற கட்டளை. அங்கே கேட்கவேண்டியதைக் கோப்பை தூக்குகிற பிள்ளையிடம் கத்திக் கேட்பதில் பிரயோசனம் இல்லை.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் சாப்பாடு விற்றுச் சீவிப்பவர்களும் இருக்கிறீர்கள். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் தோசையும் கொழுக்கட்டையும் சுடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அங்கே மேசைக்கு வந்து பரிமாற ஆள் இல்லை, சனம் கூடினால் இருக்க இடமும் இல்லை, குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் நான் தனியாகப் போன நாட்களில் ஒருவரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததில்லை. கந்தோர் உடுப்போடு வந்த ஐயாவும் நானும் ஒரே வரிசையில்தான் நின்றோம்.

எங்கள் சங்கத்திலும் ஒரு சகோதரி இருக்கிறா, போரில் ஒரு காலை இழந்தவ. தன்னுடைய வீட்டு முன் விறாந்தையில் மூன்று மேசை போட்டுப் பிறந்தநாள், பெறுபேறு என்று வருகிற குடும்பங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறா. முன்கூட்டியே விலையைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவா. யாருக்கு விசேஷம் என்று முதலே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பா. சென்ற மாதம் கணவர் இல்லாத ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு வந்தபோது, இலுப்பை மரத்துக் காற்று வருகிற நடு மேசையை அவர்களுக்குத் துடைத்துப் போட்டதைக் கண்டேன். தண்ணீருக்குக் காசு இல்லை, கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீர். ஐஸ்கிறீம் மட்டும் அவவிடம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி வாங்க இப்போதுதான் சீட்டுப் பிடிக்கிறா. ஓடர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஒரு கிழமைக்கு முன்னம் சங்கத்தில் சொல்லிவைக்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைக்கமாட்டா.