ஆட்டின் வயிறு எங்கள் வயிறு போன்றதல்ல



இரண்டு மாதங்களுக்கு முன் கண்டாவளைப் பக்கம் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு மறியாடுகளில் ஒன்று முதல்நாள் செத்துப்போயிருந்தது. கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரித்தான் மிஸ் குடுத்தனான். அது ஆசையாத்தான் திண்டது" என்று சொல்லி அழுதார். 2009இல் கணவரை இழந்தவர். மகளின் படிப்புச் செலவுக்கு அந்த ஆடுகள் போடும் குட்டிகளைத்தான் நம்பியிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் படித்தது சமூகவியல். ஆடு கொடுத்தபோது படிவம் நிரப்பினேன், கையொப்பம் வாங்கினேன். அதன் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்னர் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டு அறிந்ததை இம்முறை உங்களுக்கு எழுதுகிறேன்.

மாடு, எருமை, ஆடு, செம்மறி எல்லாவற்றின் வயிற்றிலும் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் மிகப் பெரியது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. புல்லிலுள்ள நாரைச் சமிபாடடையச் செய்பவை அவைதான். நாரை அவை புளிக்கவைத்துத் தரும் சத்தில்தான் விலங்கு வாழ்கிறது. விழுங்கிய புல்லை மீண்டும் வாய்க்கு எடுத்து அசைபோடுவதும் நாரை நன்றாக அரைத்துக் கொடுப்பதற்கே. மாடு ஒரு நாளில் 6 முதல் 8 மணித்தியாலம் வரை அசைபோடும். அப்போது ஊறும் உமிழ்நீர் வயிற்றில் அமிலம் கூடாமல் காக்கிறது.

சோறு அப்படியல்ல. அதை மெல்ல வேண்டியதில்லை, ஆகவே உமிழ்நீரும் அதிகம் ஊறாது. தோசைமா இரவோடிரவாகப் புளித்துப் பொங்குவதுபோல, சோறு வயிற்றுக்குள் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. நாரைத் தின்னும் நுண்ணங்கிகள் அந்த அமிலத்தில் இறந்துவிடும். ஆடும் தப்பாது. அரிசியோ நெல்லோ ஒரேயடியாகத் தின்றாலும் இதே கதிதான்.

இவை தின்னும் விதமும் வேறுவேறு. மாடு நாக்கால் புல்லைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். அதனால் அதற்குச் சற்று உயர்ந்த புல் வேண்டும். செம்மறி நிலத்தோடு ஒட்டிக் கடிக்கும். ஆடு உதட்டால் இலை இலையாகத் தெரிந்தெடுக்கும். பின்னங்காலில் எழும்பிக் குழை தின்னத்தான் அதற்கு விருப்பம். பூவரசு, சீமைக்கிளுவை, பலாக் குழைகளை வேலியில் கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் கிடந்து மிதிபட்டதை அது விரும்பாது.

முயலுக்கும், மன்னாரில் திரியும் கழுதைக்கும் நாலறை வயிறு இல்லை. அவற்றுக்கு நார் புளிப்பது குடலின் பின்பகுதியில். கழுதை காய்ந்த புல்லையும் நிறையத் தின்று, மாட்டைவிட வேகமாக வெளியே தள்ளிப் பிழைத்துக்கொள்ளும். அதன் விட்டையில் நார் தெரியும். மாட்டுச் சாணம் மசிந்திருக்கும். முயல் இரவில் மென்மையான ஒருவகைப் புழுக்கையை வாயால் எடுத்துத் தின்னும். நோய் என்று பயப்படாதீர்கள். முதல்முறை கிடைக்காத சத்தை அது அப்படித்தான் பெறுகிறது.

ஆடு, மாடு வளர்ப்பவர்கள் தீனைத் திடீரென மாற்ற வேண்டாம். புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 10 முதல் 14 நாட்களில் பழக்குங்கள். மாரியில் இளம்புல்லில் அவிழ்த்துவிடுமுன் கொஞ்சம் வைக்கோல் கொடுங்கள். கோடையில் வைக்கோலோடு மட்டும் நிற்கும் மாட்டுக்கு ஒரு கட்டுக் குழையும் போடுங்கள். இடப்பக்க வயிறு உப்பி, அசைபோடாமல், பல்லை நறநறவென்று கடித்தபடி நின்றால் உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

போன கிழமை அந்த அக்காவிடம் மீண்டும் போனேன். வேலியில் பூவரசங்குழை தொங்கியது. மற்ற ஆடு சினையாக இருக்கிறது. "மிஞ்சின சோறு இப்ப கோழிக்குத்தான் மிஸ்" என்றார்.