படத்தின் கீழ் எழுதியவன் யார்?

2018-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீழைநாட்டு ஆய்வுப் பள்ளியில் ஒரு கண்காட்சி நிகழ்ந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் வரை என்பது அதன் பெயர். வெள்ளையர் ஆட்சிக்காலப் படவஞ்சலட்டைகளே அங்குக் காட்சிப் பொருள்கள். அவ்விரு நகர்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை கிருட்டிணகிரியையும் ஓசூரையும் கடந்தே செல்கிறது. ஆயினும் அன்று அட்டை விற்ற வணிகனுக்கு இவ்விடைநிலம் வெறும் வழி. வெள்ளைக்காரன் குடியிருந்த இரு முனைகளே அவனுக்குச் சந்தை.

அவ்வட்டைகளில் தெருவுக்குப் பெயருண்டு, மாளிகைக்குப் பெயருண்டு, தமிழனுக்குத்தான் பெயரில்லை! சமையற்காரன், ஆயா, வண்ணான் என்னும் தொழிற்பெயரே அவனுக்குப் போதுமென்று விட்டனர். இலங்கைத் தோட்டப் படங்களிலோ ‘தமிழ்க் கூலி’ என்று அச்சிட்டு, அதனை ஐரோப்பாவெங்கும் அனுப்பி மகிழ்ந்தனர்.

இன்று அவ்வட்டைகள் நூலகங்களில் உறங்குகின்றன. அச்சிட்ட சொற்களையே தலைப்பாகப் படியெடுப்பது பட்டியலாளர் வழக்கம். அது நூலக நெறி; குற்றமன்று. விற்றவன் எழுதிய அச்சொல்லையே வரலாறென்று தமிழன் நம்புவதே குற்றம்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கவும் தெரிய வேண்டும். 1902-இல்தான் இங்கிலாந்து அஞ்சல்துறை, பின்புறத்தைக் கோடிட்டுப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறு பாதியில் செய்தியும் எழுத இசைந்தது. எனவே அவ்வாறு கோடிட்டு அங்கு அச்சான அட்டை அதற்கு முந்தியதாகாது. அஞ்சல் முத்திரையோ அனுப்பிய நாளைச் சொல்லுமேயன்றிப் படமெடுத்த நாளைச் சொல்லாது. பழைய படத்தைப் பன்னாள் கழித்து அட்டையாக்கி விற்பது அவ்வணிகர்க்குக் கைவந்த கலை.

ஓசூர் எல்லைக்கு இதனால் என்ன என்பார்க்கு ஒரு சான்று போதும். சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்த படைத்தலைவர் இலின்னேயசு திரைப், அஞ்சலட்டைகள் தோன்றுமுன்பே இப்பகுதியைப் படமெடுத்தவர். 1858-இல் வெளிவந்த அவர்தம் படத்தொகுதியின் பெயரே ‘இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்துப் பிற இடங்களும்’ என்பது. 1791-இல் கும்பணிப்படை கைப்பற்றிய கோட்டை அது. 1792-இல் பாராமகாலும், 1799-இல் ஓசூரும் மைசூராட்சியினின்று கைமாறின. 1956-இல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது இவை தமிழகத்திலேயே நின்றன. இதற்குப் பின்னரும் ஓசூர் தமக்குரியதென்று எல்லைக்கப்பால் அவ்வப்போது குரலெழுப்புவோர்க்கு, நூறாண்டுக்கு மேற்பட்ட அப்படத்தொகுதியின் பெயரே விடை கூறும். ஓசூர் மலைக்கோவிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைச் செவிடபாடி என்று அழைப்பதையும் அவர்கள் படித்துப் பார்க்கட்டும்.

ஆயினும் படத்தையும் கண்மூடி நம்பலாகாது. எதிர்ப்படிவத்தில் மை தீட்டி வானத்தில் முகில் வரைந்தவர் திரைப்! முகில் பொய், மலை மெய். இதைப் பகுத்தறிவதே படத்தைப் படிக்கும் கலை.

இக்கலையைக் கற்க வேண்டிய தமிழன் என்ன செய்தான்? 1970-களிலிருந்து தொழிற்பேட்டை ஓசூரின் வயல்களை விழுங்கிற்று. விழுங்கப்பட்ட ஏரிக்கரைகளும் சிற்றூர்களும் எப்படி இருந்தன என்று கேட்டால், காட்ட எத்தனை வீட்டில் படமுண்டு? பாட்டன் படத்தைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டு, இலண்டன்காரன் காத்து வைத்ததைக் குறைகூறுவது நேர்மையன்று.

வேண்டுவது பெருஞ்செலவுமன்று. வெள்ளையன் எழுதிய தலைப்பை மேற்கோளுக்குள் அப்படியே நிறுத்தி, அதனடியில் ஊரின் தமிழ்ப்பெயரையும் படத்திலுள்ளோரின் தொழிலையும் உடையையும் கருவியையும் தமிழிலேயே நூலகங்கள் எழுதிச் சேர்க்கலாம். இராயக்கோட்டை மலை இன்னும் அங்கேயே நிற்கிறது. கிருட்டிணகிரிக் கல்லூரி மாணாக்கர் நால்வர் திரைப் எடுத்த படத்தின் படியோடு, அவ்வூர் முதியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மலையடியில் நின்றால், அவர் எங்கே நின்று எடுத்தார், எம்மதில் இடிந்தது, எக்குளம் தூர்ந்தது என்பவையெல்லாம் ஒரு பகற்பொழுதில் விளங்கிவிடும்.