கோல்போஸ்ட்டை யார் நகர்த்தியது?

ஆங்கில மரபுத்தொடர்கள் என்று கடையில் விற்கும் புத்தகம் எதையாவது புரட்டிப் பாருங்கள். இடது பக்கம் தொடர், வலது பக்கம் அர்த்தம். மனப்பாடம் செய், தேர்வில் பொருத்து, மறந்து போ. கால்பந்திலிருந்து வந்த தொடர்களுக்கும் இதே கதிதான். இதற்குப் பெயர் கற்பித்தலா?

"மூவிங் த கோல்போஸ்ட்ஸ்" என்பதை எடுத்துக்கொள்வோம். 'விதிகளை மாற்றுதல்' என்று போட்டு முடித்துவிடுவார்கள். அப்படியானால் நூலகம் திறக்கும் நேரத்தை மாற்றினாலும் இதைச் சொல்லலாமா? கூடாது. கோல் கம்பங்களுக்கு நடுவே இருப்பது 7.32 மீட்டர். அதற்குள் குறிபார்த்து நீங்கள் பந்தை உதைத்த பிறகு யாரோ கம்பத்தைத் தள்ளி வைத்தால் எப்படி இருக்கும்? அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தத் தொடரின் உயிர். வேலைக்கு 60 மதிப்பெண் போதும் என்பார்கள். நீங்கள் 62 வாங்கி நின்றதும் 70 வேண்டும் என்பார்கள். அங்கேதான் இது பொருந்தும்.

"ஓன் கோல்" என்றால் வெறும் தோல்வி இல்லை. தன் அணியின் வலைக்குள் தானே பந்தை அடிப்பது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்போமே, அதேதான்!

இன்னொரு கூத்து, அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் வேறு ஆட்டம். அங்கே பந்தைக் கையால் வீசுவார்கள். 1975 டிசம்பரில் டல்லாஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக் கடைசி நேரத்தில் நீளமாக ஒரு பந்தை வீசினார், அணி ஜெயித்தது. கண்ணை மூடி 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன் என்றார். அதன் பிறகுதான் கடைசி நேர முயற்சிக்கு "ஹெய்ல் மேரி" என்ற பெயர் பரவலானது. இரண்டு ஆட்டங்களின் தொடர்களையும் ஒரே பட்டியலில் கொட்டினால் மாணவன் எந்த மைதானத்தைக் கற்பனை செய்வான்?

இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். கரும்பலகையில் மூன்று கோடு போட்டால் கோல்போஸ்ட் வந்துவிடும் சார்!

கடைசியாக ஒன்று. 2004 செப்டம்பரில் செல்சியோடு 0-0 என டிரா செய்தது டாட்டன்ஹாம். கடுப்பான செல்சி பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ, கோலுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்றார். அது அவருடைய ஊரான போர்த்துகலின் வழக்கு. இன்று "பார்க் த பஸ்" என்று ஆங்கிலேயர்களே சொல்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் அந்த மொழிக்கே தொடர் கொடுத்திருக்கிறார். யாரும் அதைப் பட்டியலில் மனப்பாடம் செய்யவில்லை. பஸ் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மாணவர்களுக்கும் முதலில் மைதானத்தைக் காட்டுங்கள். அர்த்தத்தை அவர்களே சொல்வார்கள்.