தோட்டத்துப் பிள்ளைகளின் முதற் கணினி



எஸ்.பி.எம். எனும் பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும், சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியோடு, விளையாட்டுக்கு உகந்த கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளும் ஆவலில் சிரம்பானுக்கோ கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கோ புறப்படும் எங்கள் கோலா பிலா வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளின் உற்சாகம் எனக்கு மிகுந்த சந்தோஷம் அளிக்கிறது. ஆயினும், வண்ண விளக்குகள் மின்னும் பெட்டிக்குத் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, பவர் சப்ளையை மட்டும் கடையிலேயே மலிவானதாகக் கேட்டு வாங்கும் வழக்கம் விசாரத்துக்குரியது. இடி மின்னல் மிகுந்த நம் தேசத்தில், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அந்தச் சாதனம் தரங்கெட்டதாயின், அது பழுதாகும்போது பிற பாகங்களும் கூடவே நாசமாகக்கூடும்.

பணம் போதாதவர்கள், 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்று, படங்காட்டும் திறனைத் தன்னகத்தே கொண்ட பிராசஸரை முதலில் வாங்கி, கிராபிக்ஸ் கார்டைப் பின்னர் சேர்ப்பதில் குறையொன்றுமில்லை; வலோரண்ட், டோட்டா 2 முதலியவற்றை அது நன்றாகவே ஓட்டும். ஆனால் அத்தகைய பிராசஸர் பொதுவான ரேமையே படங்களுக்கும் உபயோகிப்பதால், 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜிபி வீதம் இரண்டாகப் பொருத்துவது அவசியம். தரவு இருவழியாகப் பாய, விளையாட்டின் வேகம் கண்கூடாக உயரும். பின்னாளில் சேர்க்க நினைக்கும் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு 132 வாட் வரை இழுக்கும் என்பதையும் இப்போதே கணக்கிட்டு, தரமான 550 வாட் பவர் சப்ளையை வாங்குவது உசிதம்.

பெற்றோர்கள் இதனை வீண் விளையாட்டென்று ஒதுக்காமல், உடன்சென்று உத்தரவாதக் காலத்தை விசாரித்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கோலா பிலா