வெள்ளிமலையை நாம் அறிந்த விதம்

“கதையும் கவிதையும் படித்து என்ன ஆகப்போகிறது? மார்க்கத்திற்கு உதவுமா, மதிப்பெண்ணுக்கு உதவுமா?” என்று கேட்கும் பெற்றோர் நம் சமுதாயத்தில் பெருகி வருகின்றனர். பயிற்சி வகுப்புக் கட்டணத்திற்குக் கணக்குப் பாராத கைகள், பிள்ளை ஒரு நாவல் வாங்கப் பணம் கேட்டால் மட்டும் மூடிக்கொள்கின்றன. இதனைச் சிக்கனம் என்று நாம் ஏற்பதற்கில்லை.

மார்க்கத்தைக் காரணம் காட்டுவோருக்கு ஒன்று கூறுவோம். பெருமானார் (ஸல்) அவர்கள், கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்தார்கள். நாமோ மீலாது மேடையில் உமறுப் புலவரைப் புகழ்ந்துவிட்டு, சீறாப்புராணத்தின் ஒரு பிரதிகூட இல்லாத வீட்டிற்குத் திரும்புகிறோம்!

மதிப்பெண் கேட்போருக்கு விடை சொல்லச் சற்றே மலையேற வேண்டும். கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையை நம்மில் பெரும்பாலோர் எவ்வாறு அறிந்தோம்? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்திற்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானபோது, அம்மலையின் பெயரும் நாளேடுகளில் அடிபட்டது. அன்றிலிருந்து நமக்கு அது சாராய மலை. அதற்குமேல் அறிய நாம் முயலவில்லை.

அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா) தம்மைப் பற்றிச் சொல்லும் கதையோ வேறு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினர். அவர்தம் வழிவந்தோரே தாங்கள் என்பர். எந்தச் சகோதரர் எந்த மலைக்குச் சென்றார் என்பது சொல்வோருக்குச் சொல்வோர் மாறும். அதை வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். பிறந்த ஊரை விட்டு, உடன்பிறந்தாரையும் பிரிந்து வாழ்ந்த மனிதர்களை அக்கதையில் காண்கிறோம். நாளேட்டில் அவர்களைக் காணவில்லை.

ஒரு சொல்லால் ஒரு கூட்டத்தையே முத்திரையிடும் இவ்வநீதி நமக்குப் புதியதா? எங்கோ ஒரு குண்டு வெடித்தால் நம் அனைவரையும் ஒரே பெயரால் அழைக்கும் ஏடுகளைக் கண்டித்துக் கூட்டம் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால், நம் இல்லங்களுக்குள் வாழ்வோர் எத்தகையோர் என்பதைப் பிறருக்குக் காட்டியவை கண்டனத் தீர்மானங்களா? தோப்பில் முகமது மீரான் போன்றோரின் எழுத்துகள் அல்லவா? 1997-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது மகிழ்ந்தோம், படித்தோமா?

1988-ல் நூலாக வந்த அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில், வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையே தம் சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கிறார், அங்கு ஆங்கிலப் பள்ளி வருவதற்கும் எதிர்ப்பு எழுகிறது. நம் குறையை ஊரறியச் சொல்லலாமா என்று முணுமுணுப்போர் உண்டு. அவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்: 1976-ல் அரசு ஏற்கும்வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அக்காலத்தைக் கண்ட வெள்ளிமலை முதியவர் ஒருவருக்கு இந்நாவலைப் படித்துக் காட்டினால், முதலாளி யார் என்று நாம் விளக்க வேண்டியிருக்காது. ‘இவரை எனக்குத் தெரியும்’ என்பார். கடலையே காணாதவர், ஒரு கடற்கரை முஸ்லிமின் துயரைத் தம் துயராகக் கொள்வார். எந்த வினா-விடைக் கையேடு இதைச் செய்யும்?

அந்நூல் இன்றும் கிடைக்கிறது. நம் குடும்பமொன்று ஒரு வேளை பிரியாணிக்குச் செலவிடும் தொகைக்குமேல் அதற்கு விலையில்லை.