பீரிற் சமைத்த புலால்: ஒரு மறுப்பு

சிவமயம்

புரட்டாசி மாதமுதற் கார்த்திகையளவும் செல்லும் காலத்தை ஐரோப்பிய நாட்டார் இலையுதிர்காலம் என வழங்குவர். குளிர் தலைப்படும் அக்காலத்தே, கொழுத்த ஊனைப் பீர் என்னும் வாற்கோதுமை மதுவிற் பலநேரம் மெல்ல வேகவைத்து உண்டல் பெல்ஜியம், ஜெர்மனி, அயர்லாந்து முதலிய தேசங்களில் வழக்கமாயுள்ளது. அந்நாட்டார் தம் முன்னோர் வழக்கை மேற்கொண்டொழுகுதலைச் சைவர் இகழவேண்டுவதின்று. ஆயின், கல்வியும் தொழிலும் கருதி அந்நாடுகளிற் குடியேறிய சைவருள்ளும், தாயகத்திலிருந்தே பிறநாட்டுப் பாகமுறைகளைப் பயில்வாருள்ளும் சிலர், அவ்வுணவைத் தாம் உண்பதோடமையாது, அது சைவநெறிக்கு மாறன்று என நிறுவவும் முற்படுகின்றனர். பிழைசெய்து நாணுதல் ஒரு நிலை. பிழையை முறையென நாட்டப் புகுதல் பிறிதொரு நிலை. முன்னதற்குக் கழுவாய் உண்டு. பின்னதோ தீக்கை பெற்ற குடும்பத்து இளஞ்சிறார் உள்ளத்தில் நெறியின் வேரையே அசைத்துவிடும். ஆகலின் அவர் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் கடனாகின்றது.

மறுக்கப்படும் பொருள் இன்னதென உணராது மறுத்தல் முறையன்று. பெல்ஜியத்துப் பிளாண்டர்ஸ் பகுதியார் மாட்டின் தோட்புறத்து ஊனைத் துண்டமாக்கிக் கொழுப்பிற் சிவக்க வறுத்து, மிகுதியான வெங்காயத்தை வதக்கிச் சேர்த்து, கரும்பழுப்பு நிறப் பீரை வார்த்து, கடுகு விழுது பூசிய ரொட்டியை மேலே பரப்பி, இரண்டு மூன்று மணிநேரம் சிறுதீயில் வேகவிடுவர். இதனைப் பிரெஞ்சு மொழியாளர் கார்பொனாட் என்பர். மிக உழைத்த தசையிலுள்ள கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் நெடுநேர வெம்மையால் இளகிக் கூழ்ப்பதமாதலின் குழம்பு கொழுமை எய்தும். பீரிற் சேர்க்கப்படும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கைப்பு, குழம்பு வற்றுந்தோறும் மிகுமாதலின், கைப்புக் குறைந்த பீரையே தெரிந்துகொள்வர். பவேரியர் பன்றியூனை வாட்டுங்கால் அதன்மேற் கரும்பீரை இடையிடையே வார்த்து வாட்டுவர். அயர்லாந்தினர் தம் நாட்டுக் கரும்பீரில் மாட்டூனை வேகவைப்பர்.

இவ்வுணவு இலையுதிர்காலத்திற்கு உரியதானது ஏன்? பனிக்காலத்தில் அந்நாடுகளிற் புல் முளையாது. சேர்த்துவைத்த வைக்கோல் எல்லா விலங்கிற்கும் போதாது. ஆகவே குளிர் முதிருமுன் வேண்டுவன நிறுத்தி எஞ்சியவற்றைக் கொன்று உப்பிட்டு வைத்தனர். சுமார் 1,300 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த பீட் என்னும் ஆங்கிலத் துறவி, நவம்பர் மாதத்திற்குத் தம் நாட்டார் இட்டிருந்த பழம்பெயர் அம்மாதத்திற் பலியிடப்பட்ட கால்நடைகளைப்பற்றி வந்ததென எழுதிவைத்தனர். டச்சு மொழியிலும் அம்மாதத்திற்கு விலங்கறுக்கும் மாதம் எனப் பொருள்படும் பழம்பெயர் உண்டு. பவேரியாவிலே 1553-ஆம் ஆண்டில் எழுந்த ஆணை, வேனிலிற் பீர் கெட்டுப்போதல் பற்றி, ஏப்ரல் 23-க்கும் செப்டம்பர் 29-க்கும் இடையே அதனைக் காய்ச்சுதலைத் தடுத்தது. ஆகவே புதிய பீரும் புதிதாகக் கொன்ற ஊனும் ஒருங்கு கிடைத்த காலம் இலையுதிர்காலமாயிற்று. பருவமும் வறுமையும் இணைத்த இணைப்பு இது; அறம் இணைத்ததன்று.

இனி அவர் கூற்றுக்களை ஆராய்வாம் என்பார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது, “பீரிலுள்ள மதுச்சத்து தீயில் ஆவியாய் ஒழிந்துபோம், ஒழிந்தபின் எஞ்சுவது சுவை மாத்திரையே, அதனை உண்டல் கள்ளுண்டல் ஆகாது” என்பது.

இஃது அளவையாற் பெறப்பட்டதன்று, விருப்பத்தாற் கூறப்பட்டது. மதுச்சத்து 78 பாகை வெம்மையிற் கொதிப்பது உண்மை. ஆயின் நீரொடு கலந்துழி அது தனித்துப் பிரிந்து ஓடாது. நீராவியொடு கலந்தே சிறிது சிறிதாக நீங்கும். அமெரிக்க நாட்டில் உணவுகளைச் சமைத்தளந்து 1992-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியை அடியாகக்கொண்டு அந்நாட்டு வேளாண்மைத்துறை அமைத்த அட்டவணையின்படி, குழம்பிற் கலந்து வேகவைத்த மதுச்சத்தில் அரைமணியில் 35 விழுக்காடும், ஒருமணியில் 25 விழுக்காடும், இரண்டு மணியில் 10 விழுக்காடும், இரண்டரை மணியில் 5 விழுக்காடும் எஞ்சுகின்றன. நூற்றுக்கு ஏழு பங்கு மதுச்சத்துள்ள பீரை முக்கால் லிட்டர் வார்த்தால், ஒருமணிநேரம் கழிந்தபின்னும் ஏறத்தாழ 13 மில்லிலிட்டர் தூயமது அக்குழம்பில் நிற்கும்.

அற்றேல், இரண்டரை மணி வெந்தபின் எஞ்சும் சிறுதுளி எவரையும் மயக்காதே எனின், மயக்காது என்பது ஒப்பற்பாலதே. பகைவர் கூற்றாயினும் மெய்யை மெய்யெனல் வேண்டும். ஆயினும் ஈண்டு ஆராயப்படுவது எஞ்சிய துளியின் வலிமையன்று; வார்த்த கையின் பழக்கமாம். பாகநூலார் குழம்பிற்கு வார்த்த பீரையே குவளையிலும் வார்த்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லுதல் பெருவழக்கு. சுவைக்கு நாவைப் பழக்கிவிட்டு, பொருளினின்று நாவை விலக்குவேன் என்றல், வாயிலைத் திறந்துவைத்துக் கள்வனை வாராதே எனக் கைகாட்டுதல் போலும். அன்றியும், மது முற்றும் போயிற்று என்றே கொள்ளினும், புலால் போயிற்றில்லை. பூர்வபக்கத்தார் தம் வழக்கின் சிறுபாதியைக் காக்கப் புகுந்து பெரும்பாதியைக் கைவிட்டனர்.

இரண்டாவது, “பெருந்தொழிற்சாலைப் பீர் வேறு, சிறுசாலைகளிற் கைத்திறத்தாற் காய்ச்சப்படும் பீர் வேறு, பின்னது கலையாகலின் மதிக்கத்தக்கது” என்பது.

கைத்திறம் உண்டென்பதை மறுப்பாரில்லை. வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி உலர்த்தி, வெந்நீரில் இனிப்பிறக்கி, ஹாப்ஸ் பூவொடு காய்ச்சி, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிராற் புளிக்கவைக்கும் வினையின் நுட்பத்தைப் பாஸ்டர் 1876-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே விரித்தனர். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிற் பீர் காய்ச்சுவார்க்கு இசைவளித்தபின் அக்கைத்தொழில் அங்குப் பெரிதும் பரவிற்று. ஆயின், ஒரு வினை நுட்பமுடைத்து என்பதனால் நன்மையுடைத்து ஆகாது. வலைபின்னுதலிலும் நுட்பமுண்டு, பொய்க்கையெழுத்திடுதலிலும் நுட்பமுண்டு. கலை எதற்குக் கருவியாகின்றது என்பதே ஆராயற்பாலது. அன்றியும், கைத்திறமுடைய பீர் கொலைத்தொடர்பற்றது என்றும் துணியலாகாது. பிரித்தானியாவிற் பீப்பாயில் நிறுத்தப்படும் பழமுறைப் பீரைத் தெளிவித்தற்கு மீனின் காற்றுப்பையினின்று எடுத்த பசையை இடுதல் நெடுங்கால வழக்கு. தெளிந்த குவளையினுள்ளும் உயிர்ப்பழி மறைந்துநிற்றல் கூடும் என்க.

மூன்றாவது, “கிறித்துவத் துறவியரே பீர் காய்ச்சுகின்றனர், துறவியர் செய்வது குற்றமாகுமோ?” என்பது.

இக்கூற்றே அவரை வீழ்த்தும். பெல்ஜியத்து வெஸ்ட்மல்லே மடத்துத் துறவியர் 1836-ஆம் ஆண்டுமுதற் பீர் காய்ச்சிவருதல் மெய்யே. அவர்தம் கரும்பீரை மாட்டூன் குழம்பில் வார்ப்பாரும் பலர். அத்துறவியர் தலைமேற்கொண்ட ஒழுக்கநூல் 6-ஆம் நூற்றாண்டினராகிய பெனடிக்ட் முனிவர் வகுத்தது. அதன் 39-ஆம் அதிகாரம், மிக மெலிந்த நோயாளர் ஒழிந்த ஏனையோர் யாவரும் நாற்கால் விலங்கின் ஊனை முற்றும் விலக்குக என விதிக்கின்றது. மதுவின் அளவு கூறும் 40-ஆம் அதிகாரமும், விலக்கவல்லார்க்குத் தனிப்பயன் உண்டு என்கின்றது. எவர் பெயரைச் சான்றாக எடுத்தனரோ அவர்தம் நூலே மாட்டூனை விலக்குமாயின், அச்சான்று யார்பக்கம் நின்றது? பிறசமயத் துறவியரின் விதியை நீக்கி விலக்கை மாத்திரம் பற்றிக்கொள்ளுதல் சான்று காட்டுதலன்று, சாக்குத் தேடுதலாம்.

நான்காவது, “குளிர்நாட்டில் ஊனும் மதுவும் இன்றி உயிர்வாழ்தல் அரிது” என்பது.

புல் முளையாத நாட்டிற் பிற உணவு கிடையாத பண்டைக்காலத்து இது ஒருவாறு பொருந்தும். இஞ்ஞான்று ஐரோப்பிய நகரங்களிற் பருப்பும் அரிசியும் பாலும் காய்கறியும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. ஆதலின் காரணம் ஒழிந்தது. காரியம் மாத்திரம் ஆசையினால் நிற்கின்றது. மது உடம்பை வெம்மைப்படுத்தும் என்பதும் மயக்கவுணர்வே. தோலிலுள்ள குருதிக்குழல்கள் விரிதலாற் சூடுபோலத் தோன்றி, உள்வெம்மை வெளியேறுதலையே அது மிகுவிக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோயாராய்ச்சிக் கழகம் 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணங்களின் முதல் வகுப்பில் வைத்தது. 2015-ஆம் ஆண்டில், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய ஊனையும் அவ்வகுப்பிற் சேர்த்தது. கரும்பீரில் ஊறவைத்துச் சுட்ட பன்றியூனில் நச்சுப்பொருள் பாதிக்குமேற் குறைந்ததென 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராராய்ச்சியை எடுத்துக்காட்டுவாரும் உளர். குறைந்தது பீரின் பயனாகுக. குறைக்கவேண்டிய நஞ்சு எதனைச் சுட்டமையால் வந்தது என்பதை அவர் சொல்லாதொழிந்தனர்.

ஐந்தாவது, “கொன்றவன் வேறு, விலைகொடுத்து வாங்கினவன் வேறு. விலங்கும் தன் ஊழ்வினையால் இறந்தது. உண்டானுக்குப் பழி யாது?” என்பது.

இது சித்தாந்தச் சொற்களைக் கொண்டே சித்தாந்தத்தைத் தாக்குவதாகலின் நன்கு நோக்கற்பாலது. விலங்கு நுகர்ந்தது அதன் பிராரத்தம் ஆகுக. அந்நுகர்ச்சிக்குக் கருவியாய் நின்றவன் செய்த வினை அவனுக்கு ஆகாமியமாய் ஏறுதலை எவ்வாறு விலக்குவது? அவ்வாறு விலக்கின், பொருளிழந்தவன் தன் ஊழால் இழந்தான் எனத் திருடனும் கைகழுவுவன். உலகில் நீதிமன்றம் வேண்டாவாம். இனி, வாங்குவான் இல்வழி விற்பானும் இல்லை என்பதைத் திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்திலே தெளிய வைத்தனர். திருமூலரும் முதற்றந்திரத்திற் புலாலையும் கள்ளையும் தனித்தனியே விலக்கினர். இலையுதிர்காலச் சந்தையில் ஒருவன் எடுத்துவைக்கும் நாணயமே அடுத்த இலையுதிர்காலத்துக் கொலைக்கு அச்சாரமாகின்றது.

ஆறாவதாக, ஏனைய வழியெல்லாம் அடைபட்டவிடத்து, “கண்ணப்பர் ஊன் படைத்திலரோ?” என்பர்.

கண்ணப்பநாயனார் ஊனை நாவிலிட்டது இறைவற்கு இனியது தெரிதற்கேயன்றித் தாம் உண்டற்கன்று. பசியும் உறக்கமும் மறந்து, இறைவன் கண்ணிற் குருதி கண்டவழித் தம் கண்ணை இடந்து அப்பினர். அவ்வன்பினைச் சேக்கிழார் பாடியது ஊனைச் சிறப்பித்தற்கன்று. தன்னையே மறந்த அன்பினைச் சிறப்பித்தற்கு. அவர் வேட்டுவர், ஆகம விதி அறியாதவர். விதியறிந்து, தீக்கை பெற்று, விருந்தொடு தன் நாவிற்காகக் குழம்பு சமைப்பான் கண்ணப்பர் பெயரைக் கூறுமுன், தன் கண்ணிற் கைவைத்துத் தன்னைத்தானே வினவிக்கொள்வானாக.

இங்ஙனம் பிறர் கூற்றுக்களை மறுத்தவழிச் சித்தாந்தம் தானே விளங்கும். பசு என்பது ஆன்மாக்கள் அனைத்திற்கும் பெயர். கொழுப்பிற் சிவக்கும் மாடும் பசு. அதனை உண்ணும் மகனும் பசு. இருவர்க்கும் உடம்பைத் தந்தவன் ஒருவன், தந்த நோக்கமும் ஒன்று, அது மலநீக்கம். ஒரு பசு தன் வழியிற் செல்லப் பெற்ற உடம்பை மற்றொரு பசு தன் நாச்சுவைக்காகப் பறித்தல் தந்தவனது அருட்செயலுக்கு இடையூறு செய்தலாம். இனி, ஆணவமலம் உயிரறிவை மறைப்பது. அவ்விருளில் மாயையாலாகிய கருவிகள் விளக்குப்போல் உதவுகின்றன. மதுவோ அவ்விளக்கையே மங்கச்செய்வது. புலால் பிற உயிரின் கருவியைக் கெடுக்கும். மது தன் உயிரின் கருவியைக் கெடுக்கும். இவ்விரண்டையும் ஒரே கலத்திற் கூட்டி வேகவைத்து, அதற்குச் சைவம் என்னும் பெயரையும் வேண்டி நிற்றல் எத்துணைப் பொருந்தாமை!

ஐரோப்பியர் விலங்கறுத்த அந்த ஐப்பசியிலேயே சைவர் கந்தசட்டி நோன்பு நோற்கின்றனர். நிறைமதி நாளிற் சிவலிங்கத்திருமேனி மறையும்படி அன்னாபிடேகம் செய்கின்றனர். ஜெர்மனி தேசத்து ஹம் நகரில் 2002-ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட காமாட்சியம்மன் கோயில், குளிர்நாட்டிலும் சைவவழிபாடு வேரூன்றவல்லது என்பதற்குக் கண்கூடான சான்று. வழிபாடு வேரூன்றிய நிலத்தில் ஒழுக்கம் மட்டும் வேரூன்றாதோ? மிளகும் சீரகமும் கூட்டிய ரசமும், கொள்ளுக்குழம்பும், நெய்யூற்றிய உளுந்தங்களியும் பனிக்கு அஞ்சுவனவல்ல. அந்நாட்டு வெங்காயமும் கடுகும் ரொட்டியும் சைவர்க்கு விலக்கல்ல. காளானையும் கிழங்கையும் அவற்றொடு கூட்டிச் சிறுதீயில் மெல்ல வேகவைத்தலும் குற்றமன்று. நெடுநேரம் பொறுத்துச் சமைக்கும் அப்பொறுமையைக் கற்றுக்கொள்க. கொலையையும் களிப்பையும் அங்கேயே விட்டொழிக.

அயல்நாட்டுக் குளிரில் வளரும் சைவச் சிறுவன் ஒருவன் தன் தாயை நோக்கி, “அயலார் மனையிற் சமைப்பதை நாம் ஏன் சமைப்பதில்லை?” என வினவுநாள் ஒன்று வரும். அன்று அவள், “அவர் நம்மிற் தாழ்ந்தவர்” எனக் கூறின் அது செருக்கு. “ஒருமுறை உண்டால் என்ன” எனக் கூறின் அது தளர்ச்சி. “அந்தக் கலத்தில் வேவதும் நின்னைப்போல் ஓர் உயிர் குடியிருந்த உடம்பு” எனக் கூறின் அதுவே சைவம்.

திருச்சிற்றம்பலம்